எமது வீட்டு வாசற்கதவு

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளில் வாசற்கதவுக்கு இருந்த மதிப்பை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லித்தான் விளக்கவேண்டியிருக்கின்றது. வீடு கட்டத் தொடங்குகின்றவர் நாள் பார்த்து முதலில் நிலை வைப்பார். மாவிலை கட்டி, மஞ்சளும் சந்தனமும் சாத்தி, சுற்றத்தார் கூடிநிற்க அந்த நிலை நிமிர்ந்த பின்னரே மற்றைய வேலைகள் தொடரும். கதவு பிறகு வரும். நல்ல மரம் கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருந்தவர்களும் உண்டு. அவ்வளவு காலமும் வாசலில் ஓலைத்தட்டிதான்.

கதவு, நிலை, வாசல் எல்லாம் தமிழ்ச் சொற்கள். யன்னலும் அலுமாரியும் கதவுக்குக் குறுக்கே இடும் திறாங்கும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. தமிழ்நாட்டார் வழங்கும் சாவி என்னுஞ் சொல்லும் அவர்களுடையதே. நாமோ அதனைத் திறப்பு என்று தமிழாகவே சொல்லிவருகின்றோம். இதில் எமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. ஆயின் எமது வீட்டுக் கதவைப்பற்றி நாம் கொண்டிருந்த பெருமை அவ்வளவு உறுதியானதன்று என்பது சென்ற ஆண்டிலேதான் தெரியவந்தது.

எமது வீடு வலிகாமத்தில் உள்ளது. பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு. மூத்த தமக்கையார் தாயாருடன் அங்கே வசிக்கின்றார். இளைய தமக்கையார் கனடாவில், நாம் கொழும்பில். தமக்கையாரின் மகளுக்குச் சென்ற ஆவணியில் கலியாணம் நிச்சயமாயிற்று. மண்டபம் வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே நடக்கவேண்டும் என்பது தாயாரின் ஆசை. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று, ஓடு மாற்றியாயிற்று. அப்போதுதான் வாசற்கதவின் கோலம் எல்லோர் கண்ணிலும் பட்டது. கபில நிற வர்ணம் வற்றிய குளத்துச் சேறுபோல் வெடித்து, இடையிடையே கொப்புளித்து நின்றது. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று போடுவோம் என்றார் தமக்கையார். "கதவு நல்லது, பூச்சுத்தான் பழுது. பூச்சை எடுங்கோ," என்றார் தாயார். எண்பத்துமூன்று வயதுத் தாயாரின் சொல்லுக்கு மறுசொல் சொல்ல எவரும் முன்வரவில்லை. நாம் மூன்று வாரம் விடுமுறை பெற்று வைகாசியில் ஊர் வந்துசேர்ந்தோம்.

காலம் நன்றாகவே வாய்த்தது. ஆடியில் சோளகம் புழுதியை அள்ளிவந்து ஈரமான பூச்சிலே ஒட்டும். மாரியில் மரம் நீரேறிப் பருத்திருக்கும். பொலிஷ் வெள்ளை பூக்கும். இவ்வேலைக்குப் பங்குனி தொடக்கம் வைகாசி வரையுள்ள நாட்களே உகந்தவை.

துணைக்கு ஊரிலுள்ள ஓடாவியார் ஒருவர் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர், சொற்பமாகப் பேசுபவர். கதவைப் பார்த்தவுடன், "ஊதுவிளக்கைப் பிடிச்சால் அரைநாளிலே கழண்டுபோம், தம்பி," என்றார். நாம் உடன்படவில்லை. இலங்கையில் வர்ணங்களிலுள்ள ஈயத்தின் அளவுக்குச் சட்டம் வரம்பு கட்டியது 2013 ஆம் ஆண்டிலேதான். அதற்கு முந்திய எண்ணெய் வர்ணங்களில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்கக்கூடும். நெருப்புக் காட்டினால் அது ஆவியாகவும், உலரத் தேய்த்தால் தூளாகவும் உடம்புக்குள் புகும். சிறுபிள்ளைகளின் மூளைவளர்ச்சியை அது கெடுக்கும். வீட்டிலே பழைய கதவைத் தேய்க்க நினைக்கும் தாய்தந்தையர் இதனை மறக்கலாகாது. நாம் பேரப்பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பினோம். இரு கதவுகளையும் கழற்றி, மாட்டுக்கொட்டிலிலே பொலித்தீன் விரித்து அதன்மேல் கிடத்தினோம். சுரண்டியதையெல்லாம் அந்தப் பொலித்தீனோடு சுருட்டிக் கட்டினோமேயன்றி விளக்குமாறு தொடவில்லை.

வர்ணம் நீக்கும் வழி பல. கோஸ்டிக் சோடாக் கரைசல் மலிவானது. ஆனால் மரத்தைக் கறுப்பாக்கும், பொருத்துகளைத் தளர்த்தும். முன்னொரு காலம் நல்ல பலாமேசை ஒன்றை நாம் இவ்வாறு கரிக்கட்டையாக்கிய கதையை எமது வீட்டார் இன்னும் மறக்கவில்லை. ஆகவே இம்முறை கடையில் விற்கும் பசைபோன்ற மருந்தையே தடவினோம். தடவி, காயாதபடி பொலித்தீனால் மூடி, அரைமணி நேரம் விட்டால் வர்ணம் சுருங்கித் தோலாக எழும். பின்பு மரத்தின் ஓட்டம் போகும் திசையிலேயே தகட்டால் வழிக்கவேண்டும். குறுக்கே வழித்தால் கீறல் விழும். அக்கீறல் பொலிஷ் பூசிய பிறகே பல்லைக் காட்டும். சட்டங்களின் வளைந்த விளிம்புகளுக்கு ஓடாவியார் ஒரு சிரட்டைத் துண்டை உடைத்துக் கூராக்கித் தந்தார். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் அதைவிடப் பொருத்தமான கருவி கிடைத்திராது.

கபிலத்தின்கீழ் பச்சை இருந்தது. பச்சையின்கீழ் நீலம். அதன்கீழ் மறுபடியும் பச்சை. அதற்கும் கீழே செங்கபிலம். ஐந்து பூச்சு! எமது தந்தையார் ஒரு கிராமத்துப் பாடசாலையில் தலைமையாசிரியராக இருந்தவர். ஓய்வுபெற்ற பின் அவருக்கு வர்ணம் பூசுவதில் ஒரு பித்து இருந்ததாக வீட்டிலே பகிடி உண்டு. புதுவருஷம் வந்தால் மற்றவர்கள் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். தந்தையார் வாசற்கதவுக்கு வர்ணம் பூசுவார். மற்றைய கதவுகளை அவர் அவ்வளவாகக் கவனித்ததில்லை. இதை நாம் ஒருபோதும் யோசித்துப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மாலை ஓடாவியார் வேலையை நிறுத்தி, நிலைக்கும் கதவுக்குமாக இரண்டு முறை நடந்தார்.

"நிலை வேம்பு," என்றார். "கதவு முதிரை."

அது உண்மையே. வர்ணம் போன இடத்தில் மரம் பொன்னிறமாக, வெளிச்சம் பட்ட பக்கமெல்லாம் பட்டுத்துணிபோல் மினுங்கியது. வன்னிக் காட்டு முதிரையின் இலட்சணம் அது. அதன் வைரம் ஒரே திசையில் ஓடாமல் வலமும் இடமுமாக மாறிமாறி ஓடுவதால் சீவுளி போட்டால் சிராய் கிளம்பும். உடைந்த கண்ணாடியின் விளிம்பால் வழித்தே அதனை நயமாக்கவேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலிலே கடியும் தடிப்பும் உண்டாக்கும். எமது முழங்கையில் காலையிலிருந்து இருந்த அரிப்புக்கு நாம் வர்ண மருந்தைக் குறைகூறிக்கொண்டிருந்தோம்.

ஓடாவியார் மேலும் காட்டினார். கதவின் அடியில் ஓரங்குல அகலத்தில் வேறொரு மரம் வைத்து ஆணியடித்து உயரம் கூட்டப்பட்டிருந்தது. பிணைச்சல்கள் இருந்த பள்ளங்களுக்குச் சற்று மேலே வேறு பள்ளங்கள் இருந்து, மரத்துண்டால் அடைக்கப்பட்டிருந்தன.

"இந்தக் கதவு இந்த நிலைக்குச் செய்ததில்லை, தம்பி."

பாட்டனாரின் கதவு என்று நாம் கொழும்பிலே நண்பர்களுக்குச் சொல்லிவந்தது இதனைத்தான்.

மூன்றாம் நாள் வலக்கதவின் மேற்சட்டத்துக்கு வந்தோம். அங்கே வர்ணம் மற்ற இடங்களிலும் பார்க்கத் தடிப்பாக இருந்தது. வழித்தபோது மரத்துக்குப் பதிலாக வெள்ளையாக ஏதோ பொருக்காகக் கழன்றது. சுண்ணக்கட்டித் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்துப் பிசைந்த மக்கு அது. பள்ளங்களை நிரப்பியிருந்த அதனை ஓடாவியார் ஊசியால் மெல்லமெல்லக் கிண்டி எடுத்தார். உளியால் ஆழமாக வெட்டிய எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

'க. சி. – ஈசுர ௵ தை ௴.'

மணப்பெண் பட்டதாரி. அவளுக்குக்கூட ௵ வருஷத்தையும் ௴ மாதத்தையும் குறிக்கும் பழைய குறிகள் என்பது தெரியவில்லை. தெரிந்தவுடன் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கினாள். ஈசுர வருஷம் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதன் தைமாதம் 1878 இலும் 1938 இலும் 1998 இலும் வந்திருக்கின்றது. கடைசியானது பொருந்தாது. முதலிரண்டில் எது என்று எழுத்து சொல்லவில்லை. வேலைப்பாட்டைப் பார்த்து 1938 என்பார் ஓடாவியார்.

எமது குடும்பத்தில் க. சி. என்ற தலையெழுத்துடையவர் எவருமில்லை. பாட்டனார் வீடு கட்டியது 1950 ஆம் ஆண்டிலே.

தாயாரைக் கைப்பிடித்து அழைத்துவந்து காட்டினோம். அவர் கண்ணாடியைத் தேடவில்லை. எழுத்தின்மேல் கையை வைத்தார். "கொப்பர் நல்லாய்த்தான் அடைச்சிருந்தவர்," என்றார். பின்பு கொட்டிலின் திண்ணையில் அமர்ந்து, கேட்பாரில்லாமலே சொல்லத் தொடங்கினார்.

1995 ஐப்பசி கடைசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததை வாசகர் அறிவர். எமது பெற்றோரும் தமக்கையர் இருவரும் சாவகச்சேரியில் உறவினர் வீட்டிலே ஆறு மாதம் இருந்தார்கள். நாம் அப்பொழுதே கொழும்பில் உத்தியோகம். 1996 சித்திரையில் பெற்றோர் இருவரும் முன்னதாகத் திரும்பி வீட்டைப் பார்க்க வந்தனர். கூரை இருந்தது. கிணறு இருந்தது. வாசலில் நிலை மட்டும் நின்றது. பாட்டனாரின் வேப்பங்கதவு இரண்டும் பிணைச்சலோடு போயிருந்தன.

"நிலையிலே சேலையைக் கட்டிப்போட்டு நானும் அவரும் எட்டு நாள் படுத்தம். இரண்டு குமர்ப்பிள்ளையளைக் கதவில்லாத வீட்டுக்கு எப்படிக் கூட்டிவாறது?"

ஒன்பதாம் நாள் உழவு இயந்திரப் பெட்டியிலே கதவும் யன்னலும் ஏற்றிக்கொண்டு ஒருவர் ஒழுங்கையால் வந்தாராம். எங்கிருந்து வந்தவை என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தந்தையார் இந்தக் கதவை இறக்கிப் பார்த்தார். எழுத்தையும் பார்த்தார்.

"பார்த்துப்போட்டுத்தான் காசு குடுத்தவர். நான் வாங்காட்டில் இது விறகாய்ப் போயிடும் எண்டார். பிறகு கனநாள் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்."

அயல் வீட்டு மாமரத்திலிருந்து எமது வளவில் விழுந்த மாங்காயையும் கடகத்தில் போட்டுக் கொடுத்தனுப்பியவர் எமது தந்தையார். அவர் உரியவர் பெயர் வெட்டிய கதவை வாங்கினார். அந்தப் பெயரை மக்கு வைத்து அடைத்தார். அதன்மேல் வர்ணம் பூசிப் பிள்ளைகளை அழைத்துவந்தார். 2002 இல் ஏ-9 பாதை திறந்து நாம் வீடுவந்தபோது, "கதவு சற்றுப் பழுதாயிற்று, பூசினேன்" என்று மட்டும் எம்மிடம் சொன்னார்.

மூத்த தமக்கையார் தலைகுனிந்து நின்றார். "எனக்கு அப்பவே சந்தேகம்தான். கேட்கேல்லை," என்றார்.

ஐந்து பூச்சின் காரணமும் அப்போது விளங்கிற்று. மரம் மாரியில் பருத்துக் கோடையில் ஒடுங்கும். அதற்குள் அடைத்த மக்கு அவ்வாறு அசையாது. காலப்போக்கில் சுருங்கி உள்வாங்கும். அப்படி உள்வாங்கும்போது மேலேயுள்ள வர்ணத்திலும் பள்ளம் விழுந்து, சாய்வான வெயிலிலே எழுத்தின் உருவம் தெரியும். மாலை வெயில் வாசலிலே படும் வீடு எமது வீடு. எழுத்துத் தெரியத்தெரியத் தந்தையார் மறுபடி அடைத்துப் பூசியிருக்கின்றார். 2004 இல் அவர் காலமானார். அதன்பின் அந்தக் கதவில் எவரும் வர்ணம் பூசியதில்லை.

தாயார் தமது அலுமாரியிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்துத் தந்தார். தந்தையாரின் கையெழுத்து. கதவின் விலை, திகதி, அதன்கீழ் 'க. சி. – விசாரிக்க' என்ற ஒரு வரி. தொடர்ந்து ஊர்ப்பெயர்கள். சுன்னாகம், மல்லாகம், அளவெட்டி என்பன குறுக்கே கோடிட்டு வெட்டப்பட்டிருந்தன. காங்கேசன்துறை, மயிலிட்டி என்ற இரண்டும் வெட்டப்படவில்லை. அவை அக்காலத்தில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தவை. எதிரே 'போக அனுமதியில்லை' என்று எழுதியிருந்தது.

மறுநாள் எவரும் கதவைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் ஓடாவியார் எமது முகத்தைப் பார்த்தார். எழுத்தை என்ன செய்வது? கண்ணாடியால் நூலளவு நூலளவாக வழித்தால் அது போய்விடும். மரத்தில் தடிப்பு இருக்கின்றது. அல்லது முதிரைத்தூளையும் அரக்கையும் சேர்த்து அடைத்தால் கண்ணுக்குத் தெரியாது. வழித்துவிடுங்கள் என்றார் தமக்கையார். சம்பந்தி வீட்டார் முதன்முதல் மிதிக்கும் வாசல். யாருடைய பெயர் என்று கேட்டால் என்ன சொல்வது? தந்தையாரைப்பற்றி என்ன நினைப்பார்கள்? அவருடைய கண்ணீரில் நியாயம் இருந்தது. உண்மையைச் சொன்னால் எமது எண்ணமும் அதுவே. இறந்தவர் எட்டு ஆண்டு பாடுபட்டு மறைத்ததை நாம் ஏன் வெளிப்படுத்தவேண்டும் என்றே தோன்றிற்று.

தாயார் உள்ளேயிருந்து சொன்னார்: "அவர் அதை அடைச்சவர், வழிக்கேல்லை. வழிக்கத் தெரியாமலோ விட்டவர்?"

தந்தையாரிடம் சீவுளியும் இருந்தது, உளியும் இருந்தது. அவற்றைக் கையாளவும் அவருக்குத் தெரியும். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். கண்ணாடியால் நயமாக்கிய மரத்தை மணற்கடதாசியால் தேய்த்தோம். பரும்படியில் தொடங்கி நுண்மையானதில் முடித்தோம். வெளிப்பக்கம் மழையும் வெயிலும் படுவது. ஆகவே அதற்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, அது காய்ந்தபின் வெளிவேலைக்குரிய வார்னிஷ் மூன்று பூச்சு. உட்பக்கத்துக்கு அரக்குப் பொலிஷ். அரக்கை ஸ்பிரிற்றிலே கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தோய்த்து, வட்டவட்டமாக நாளுக்குச் சில தரம் தேய்க்கவேண்டும். அதில் தண்ணீர் பட்டால் வெண்புள்ளி விழும்; அதனால்தான் வெளிப்பக்கத்துக்கு ஆகாது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்குள் எறியக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு அடைபட்டு நெருப்பே பற்றிவிடும். விரித்துக் காயவிடவேண்டும் அல்லது தண்ணீரிலே தோய்த்துவைக்கவேண்டும். எமது கொட்டிலில் வைக்கோல் இருந்ததால் ஓடாவியார் இதைப்பற்றி மாத்திரம் மூன்றுமுறை சொன்னார்.

எழுத்துக்களின் பள்ளத்துக்குள் வார்னிஷ் தேங்காதபடி சிறு தூரிகையால் ஒற்றியெடுத்தது நாமே.

விடுமுறையில் மிஞ்சிய ஒருநாள் கொப்பியுடன் மயிலிட்டிக்குப் போனோம். அவ்வூரின் ஒரு பகுதி 2017 இல் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. பற்றைக்குள் அத்திவாரம் மாத்திரம் மிஞ்சிய வீடுகள் பல. தேநீர்க் கடையில் இருந்த முதியவர் ஒருவர் நாம் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, "க. சி. எண்டால் ஊருக்குப் பத்துப்பேர், தம்பி. முதிரைக் கதவும் பத்துப்பேருக்கு இருந்தது," என்றார். எமது விலாசத்தை ஒரு கடதாசியில் எழுதி வாங்கிக்கொண்டார்.

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று, மரத்தைத் தடவிப் புகழ்ந்துவிட்டு, "ஆர் இந்தக் க. சி.?" என்று கேட்டார். நாம் பதிலைத் தேடிக்கொண்டிருக்க, கையில் பன்னீர்ச் செம்புடன் நின்ற தமக்கையார் முந்திக்கொண்டார்.

"எங்களுக்குத் தெரியாது, ஐயா. இது தொண்ணூற்றாறிலே அப்பா காசுக்கு வாங்கின கதவு. உரியவையைத் தேடுறம். அறிஞ்சால் சொல்லுங்கோ."

பெரியவர் தலையசைத்தார். தம்முடைய வீட்டிலும் இரண்டு யன்னல்கள் அப்படி உண்டு என்று தணிந்த குரலிலே சொல்லி உள்ளே போனார்.

நாம் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று தாயார் ஒரு வேலை ஏவினார். உரியவர்கள் கேட்டு வந்தால் கதவைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டு மறுபடி சேலை கட்டிப் படுக்க முடியாது. ஆதலால் நிலைக்கு ஏற்ற கதவொன்றுக்கு இப்போதே மரம் எடுத்துவைக்கவேண்டும். ஓடாவியார் நிலையை அளந்து சென்றார். வேம்புப் பலகைகள் வந்து, கொட்டிலில் இடையிடையே சலாகை வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு காயவேண்டும் என்பது ஓடாவிமார் கணக்கு. எமது பலகைகள் ஒன்றரை அங்குலம்.